டயர் வண்டியில் வெந்நீர்: எர்த் எங்கே இருக்கு?



இந்த முறை அறிவியல் பக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு கேரவன். மாங்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் ரோட்டில் நின்றால் எப்போதாவது ஒரு பெரிய வண்டி போவதைப் பார்க்கலாம். பஸ் மாதிரி இருக்கும், ஆனால் பஸ் இல்லை. ஜன்னலெல்லாம் கறுப்புக் கண்ணாடி. பூந்தமல்லிக்கு அடுத்து செம்பரம்பாக்கம் பக்கம் ஈ.வி.பி. பிலிம் சிட்டி இருப்பதால் ஷூட்டிங் நாட்களில் இந்த வண்டி நம்ம பக்கம் வரும். "உள்ளே யாரு? உள்ளே யாரு?" என்று நாம் எட்டிப் பார்ப்போம்.

உள்ளே யார் என்பதை விட்டுவிடுவோம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சோபா, ஏ.சி., டி.வி., பெரிய கண்ணாடி, குட்டி பாத்ரூம், அந்த பாத்ரூமில் திறந்தால் சுடுதண்ணி. சினிமாவுக்கு மட்டும் இல்லை, ஊர் சுற்றிப் பார்க்கவும் இப்போது கேரவன் வந்துவிட்டது. பக்கத்து மாநிலமான கேரளா 2021-ல் "கேரவன் கேரளா" என்றே ஒரு சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்தது.

நான் எழுதப்போவது அந்தச் சுடுதண்ணி கொடுக்கும் கீசரைப் பற்றியும் அதன் வயரிங் பற்றியும்தான். தண்ணீர், கரண்ட், இரும்பு உடம்பு மூன்றும் ஒரே இடத்தில் சேருவது அங்கேதான். இதைப் புரிந்துகொண்டால் நம் வீட்டில் பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடும் புரிந்துவிடும். அதனால் "நமக்கேது கேரவன்?" என்று பாதியில் போய்விடாமல் கடைசி வரை படியுங்கள்.

1. வண்டிக்குக் கரண்ட் எப்படி வருகிறது?

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். கேரவனில் ஏ.சி.யும் கீசரும் ஓடுவதற்கும் அதே 230 வோல்ட்தான் வேண்டும். வண்டி பேட்டரி 12 வோல்ட் அல்லது 24 வோல்ட். அதில் லைட் எரியும், தண்ணீர் ஏற்றும் சின்ன மோட்டார் ஓடும். கீசர் ஓடாது. ஏன் என்று ஒரு கணக்கு போடுவோம்.

திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்.

2000 வாட் கீசரை 12 வோல்ட்டில் ஓட்ட வேண்டும் என்றால் 2000 ÷ 12 = சுமார் 167 ஆம்பியர். அதற்கு நம் கட்டைவிரல் மொத்தத்துக்கு வயர் போட வேண்டும். பேட்டரியும் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகும்.

அதே கீசர் 230 வோல்ட்டில் 2000 ÷ 230 = 8.7 ஆம்பியர்தான் எடுக்கும். அதனால் 230 வோல்ட்டை இரண்டு வழியில் கொண்டுவருகிறார்கள். ஒன்று, ஷூட்டிங் நடக்கும் இடத்தில் உள்ள பிளக் பாயிண்ட்டிலிருந்து நீளமான கேபிள் இழுப்பது. இரண்டு, ஜெனரேட்டர்.

2. கீசர் எவ்வளவு சாப்பிடும்?

மின்விசிறி ஒன்று 75 வாட். 2000 வாட் கீசர் ஒன்று சுமார் 27 மின்விசிறிக்குச் சமம். நம் பள்ளியில் எத்தனை மின்விசிறி என்று எண்ணிப் பாருங்கள், புரியும்.

சிறிய கேரவனில் இடம் இல்லாததால் பெரிய தொட்டி வைக்க மாட்டார்கள். 3 லிட்டர் பிடிக்கிற சின்ன கீசர் வைப்பார்கள். தண்ணீர் கொஞ்சம் என்பதால் கரண்ட்டும் கொஞ்சம் என்று நினைக்கக் கூடாது. உடனே சூடாக வேண்டும் என்பதற்காக அது 3000 வாட் எடுக்கும். அதாவது 13 ஆம்பியர். ஏ.சி. ஒன்று சுமார் 8 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 21. ஜெனரேட்டர் 5 கே.வி.ஏ. என்றால் அது கொடுக்கக் கூடியதே 21, 22 ஆம்பியர்தான். அந்த நேரத்தில் ஒருத்தர் தலை காய வைக்க ஹேர் டிரையர் போட்டால் அளவு தாண்டிவிடும்.

அதனால் முதல் விதி: கீசருக்குத் தனி லைன், தனி சுவிட்ச், தனி எம்.சி.பி. வீட்டில் 16 ஆம்பியர் என்று சொல்லும் பெரிய மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட்தான் அதற்கு. 2000 வாட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும், 3000 வாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் போடுவது வழக்கம். லைட்டுக்குப் போடும் மெல்லிய வயரில் கீசரை மாட்டினால் வயரே கீசர் ஆகிவிடும்!

3. வண்டி ஆடினால் ஸ்குரு கழலும்

வீடு ஒரே இடத்தில் நிற்கும். வண்டி ஓடும், குலுங்கும். குன்றத்தூர் ரோட்டில் ஒரு மழை பெய்த பிறகு எத்தனை பள்ளம் என்று நமக்குத் தெரியும். ஒவ்வொரு பள்ளத்திலும் வயர் மாட்டியிருக்கும் ஸ்குரு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்.

தளர்ந்தால் என்ன ஆகும்? அந்த இடத்தில் மின்தடை கூடும். அரை ஓம் கூடினது என்று வைத்துக்கொள்வோம். அரை ஓம் என்பது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் வெப்பம் என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வருவது.

13 × 13 × 0.5 = 84.5 வாட்.

ரேடியோ ரிப்பேர் செய்யும் அண்ணன் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதுபோல மூன்று சால்டரிங் அயர்னை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடினால் எப்படி இருக்குமோ அப்படி. முதலில் பிளாஸ்டிக் மஞ்சளாகும், பிறகு கருகும், மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம் வரும். அதற்குப் பிறகு தீ.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த 84.5 வாட் வெப்பத்துக்கு எம்.சி.பி. விழாது. ஏனென்றால் ஓடுவது சரியான 13 ஆம்பியர்தான். எம்.சி.பி.க்கு ஆம்பியர்தான் தெரியும், நாற்றம் தெரியாது. நம் மூக்குதான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் வண்டியில் ஒற்றைக் கம்பி வயர் போடாமல் பல இழை வயர் போட்டு, முனையில் லக் அழுத்தி, மாதம் ஒருமுறை ஸ்குருவை முறுக்க வேண்டும். கையால் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது வண்டிக்கு ஆகவே ஆகாது.

4. உப்புத் தண்ணீர் செய்யும் வேலை

கீசருக்குள் சுடும் பகுதியை எலிமென்ட் என்பார்கள். வெளியே உலோகக் குழாய். உள்ளே நடுவில் நிக்ரோம் கம்பிச் சுருள். இரண்டுக்கும் இடையே மெக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். இந்தப் பொடி வெப்பத்தை வெளியே விடும், கரண்ட்டை விடாது. கரண்ட் ஓடும் கம்பி தண்ணீருக்குள் இருந்தும் நமக்கு ஷாக் அடிக்காமல் இருப்பது இந்தப் பொடியின் புண்ணியம்.

நம்ம பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று குடத்தைப் பார்த்தால் தெரியும். அடியில் வெள்ளையாக உப்பு பிடித்திருக்கும். கேரவன் தொட்டியிலும் பெரும்பாலும் லாரித் தண்ணீர் அல்லது போர் தண்ணீர்தான். சூடாகும்போது அந்த உப்பு எலிமென்ட் மேல் ஓடு மாதிரி படிகிறது. ஓடு படிந்தால் வெப்பம் தண்ணீருக்குப் போகாமல் குழாயிலேயே நிற்கும். குழாய் அளவுக்கு மேல் சூடாகி ஒருநாள் மயிரிழை அளவு விரிசல் விடும். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் சுவிட்ச் போட்டாலும் இதே கதிதான்.

விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்ப் பொடி ஈரமாகும். ஈரப் பொடி கரண்ட்டை விடும். இதுதான் மின்கசிவு. இப்போது கீசரின் உலோக உடம்பில் கரண்ட். கீசர் மாட்டியிருப்பது வண்டியின் இரும்புச் சட்டத்தில். ஆக, முழு வண்டியிலும் கரண்ட்!

5. ரப்பர் டயர் நல்லதா கெட்டதா?

"டயர் ரப்பர்தானே, கரண்ட் பாயாதே, அப்போ பயம் இல்லை" என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் டயர்தான் இங்கே ஆபத்தே.

மின்கம்பியில் காக்கா உட்காருகிறது, ஒன்றும் ஆவதில்லை. ஏனென்றால் அது ஒரே கம்பியில் இருக்கிறது, தரையைத் தொடவில்லை. கசிவு உள்ள கேரவனுக்குள் இருப்பவர் அந்தக் காக்கா மாதிரி. தரை, சுவர், குழாய், கதவு எல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் அவருக்கு ஒன்றும் தெரியாது. டயர் ரப்பர் என்பதால் கசிந்த கரண்ட் மண்ணுக்கும் போக முடியாது. அது வழி கிடைக்காமல் வண்டி உடம்பிலேயே காத்துக்கொண்டு நிற்கும். வெளியே ஈரத் தரையில் செருப்பில்லாமல் நிற்கும் ஒருவர் கதவுக் கைப்பிடியைப் பிடித்தால், அவர்தான் வழி.

ஈரமாக இருக்கும்போது நம் உடம்பின் மின்தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர். அதாவது 230 மில்லி ஆம்பியர். உயிர் போகப் போதும்.

எங்கள் மாமா ஒருவர் கேரவன் ஓட்டுகிறார். ஒரு மழைநாள் விடியற்காலையில், வெளியே இருந்து கேபிள் இழுத்துக் கீசர் போட்டிருக்கிறார்கள். உள்ளே இருந்தவர் முகம் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறார். மாமா சொன்னது: "உள்ள இருந்தவருக்கு ஒண்ணுமே தெரியலம்மா. நான் கீழ தண்ணியில நின்னுக்கினு கைப்பிடியத் தொட்டேன், அப்படியே தூக்கி உதறிப் போட்டுச்சு. நல்லவேளை, புடிக்கல, தொட்டேன், அவ்ளோதான்." பிறகு எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தால் கேபிள் நுனியில் இருந்த பிளக்கில் எர்த் பின்னே இல்லை. யாரோ இரண்டு ஓட்டை பாயிண்ட்டில் சொருகுவதற்காக அதை வெட்டிவிட்டிருந்தார்கள்.

மாமா சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. சுடுதண்ணி உள்ளே இருப்பவருக்கு. ஷாக் வெளியே நிற்பவருக்கு. டிரைவர், தண்ணீர் பிடிப்பவர், கேபிள் இழுப்பவர், டீ கொண்டுவருபவர், இவர்கள்தான் வெளியே நிற்பவர்கள்.

வண்டியைத் தொட்டுக்கொண்டு தரையில் நிற்பவருக்குத்தான் ஆபத்து என்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய துயரம் நடந்திருக்கிறது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் அருகே களிமேடு கிராமத்தில் அப்பர் சதய விழாத் தேர், மேலே போன உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அங்கே கரண்ட் வந்த வழி வேறு, கீசர் இல்லை. ஆனால் உடம்பு வழியாகத் தரைக்குப் போன பாடம் ஒன்றுதான்.

6. எர்த் என்ன செய்யும்? அது மட்டும் போதுமா?

மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த, நீளமான பின்தான் எர்த். அது ஏன் நீளம்? சொருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் எர்த் பிரிய வேண்டும் என்பதற்காக. அதோடு சேரும் வயர் பச்சை, அல்லது பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம். இந்த வயரைக் கீசர் உடம்போடும் வண்டியின் இரும்புச் சட்டத்தோடும் இணைத்துவிட்டால், கசியும் கரண்ட் ஆள் மேல் பாயாமல் இந்த வயர் வழியாக ஓடிவிடும். ஜெனரேட்டரில் ஓட்டும்போது ஜெனரேட்டர் உடம்பு, அதன் நியூட்ரல், வண்டிச் சட்டம் மூன்றையும் முறைப்படி ஒன்றாக இணைக்க வேண்டும். இதை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

எர்த் இருந்தால் முடிந்ததா? இல்லை. சில இடங்களில் தரையில் ஒரு கம்பியை அடித்து "இதுதான் எர்த்" என்பார்கள். காய்ந்த மண்ணில் அதன் மின்தடை 50 ஓம் இருந்தால் 230 ÷ 50 = 4.6 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. வண்டியில் கரண்ட் அப்படியே நிற்கும்.

எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற வேறு சாதனம். இதை மின்கசிவு தடுப்பான் என்றும், உயிர் காக்கும் சாதனம் என்றும் சொல்கிறார்கள். இது எப்படி வேலை செய்கிறது? ஸ்கூல் வேனில் 20 பிள்ளைகள் ஏறினார்கள், இறங்கும்போது 19 பேர்தான் என்றால் உடனே வண்டியை நிறுத்திவிட்டு "இன்னொருத்தர் எங்கே?" என்று தேட மாட்டோமா? அதேதான். ஃபேஸ் வழியாகப் போன கரண்ட்டும் நியூட்ரல் வழியாகத் திரும்பிய கரண்ட்டும் சமமா என்று ஆர்.சி.சி.பி. எந்நேரமும் எண்ணிக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியர் வந்தால், வேறு எங்கோ (ஒருவேளை ஒரு ஆள் வழியாக) போகிறது என்று அர்த்தம். ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆவதற்குள் டப் என்று விழுந்துவிடும்.

ஏன் 30? அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் என்பவர், எவ்வளவு கரண்ட் பாய்ந்தால் மனிதனால் கையை விடுவிக்க முடியாமல் போகும் என்று ஆராய்ந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். அதற்கு மேல் போனால் தசை இறுகி, பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிடும். மாமா "புடிக்கல, தொட்டேன்" என்று சொன்னதன் அர்த்தம் இதுதான். இன்னும் கூடினால், அதுவும் நேரம் நீண்டால், இதயத் துடிப்பு தாறுமாறாகும். அந்த நிலைக்குப் போகும் முன்பே கரண்ட்டை நிறுத்துவதற்குத்தான் 30 என்ற எல்லை.

16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லி ஆம்பியர். ஆளைக் கொல்ல 230 மில்லி ஆம்பியர் போதும் என்று மேலே பார்த்தோம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "எங்க வீட்ல எம்.சி.பி. இருக்கே" என்று சொல்வது ஏன் போதாது என்று தெரியும்.

உலக அளவில் மின் விதிகள் வகுக்கும் ஐ.இ.சி. அமைப்பு 60364 என்ற வரிசையில் கேரவனுக்கென்று 721 என்ற பகுதியையும், கேரவன் நிறுத்தும் இடத்துக்கென்று 708 என்ற பகுதியையும் தனியாக எழுதி வைத்திருக்கிறது. வண்டி வயரிங் வேறு, வீட்டு வயரிங் வேறு என்று உலகமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் எர்த்துக்கு ஐ.எஸ். 3043, கட்டட வயரிங்குக்கு ஐ.எஸ். 732 என்று தர விதிகள் உள்ளன.

7. கரண்ட்டே வேண்டாம், காஸ் வைக்கலாமே?

இந்தக் கேள்வியை என் தோழி கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் மூடிய வண்டிக்குள் நெருப்பும் புகையும் அதைவிட மோசம்.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த காஸ் சிலிண்டரில் டீ போட்டதுதான் காரணம் என்று ரயில்வே சொன்னது. கொஞ்சம் டீத் தண்ணீருக்காக 9 உயிர்.

2024 டிசம்பர் 23 அன்று கேரளாவில் வடகரையில் ரோட்டோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் 2 பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததுதான் காரணம் என்று கோழிக்கோடு தேசிய தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் ஆராய்ந்து உறுதி செய்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். காஸ் கீசரை ஜன்னல் இல்லாத பாத்ரூமில் வைத்தாலும் இதே வாயு வரும்.

ஆகவே கரண்ட் கீசர் தப்பு இல்லை. அது சரியான வயர், சரியான எர்த், ஆர்.சி.சி.பி. மூன்றோடும் இருக்க வேண்டும். ஜெனரேட்டரை வண்டியை விட்டுத் தள்ளி, புகை உள்ளே வராத திசையில் வைக்க வேண்டும். அது போட்டிருக்கும்போது வண்டிக்குள் தூங்கவே கூடாது.

8. நம் வீட்டு பக்கெட் ராடு

நம்மில் நிறைய வீடுகளில் கீசர் கிடையாது. மார்கழி வந்தால் ராடுதான். வாடகை வீட்டில் பாத்ரூமுக்குள் பிளக் பாயிண்ட் இருக்காது, ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுப்பார்கள். யோசித்துப் பாருங்கள், இதுவும் கேரவன் மாதிரியேதான்! நீளமான வயர், ஈரத் தரை, எர்த் இல்லாத பாக்ஸ்.

1500 வாட் ராடு 6.5 ஆம்பியர் எடுக்கும். டி.வி.க்குப் போடும் சின்ன பாயிண்ட் 6 ஆம்பியர்தான் தாங்கும். பாக்ஸைத் தொட்டுப் பார்த்தால் சுடுகிறதா? அப்படியானால் அந்த பாக்ஸ் உங்களுக்கு எச்சரிக்கை கொடுக்கிறது.

செய்ய வேண்டியவை:
* முதலில் ராடைத் தண்ணீரில் வைத்து, பிறகு பிளக் சொருகி, கடைசியில் சுவிட்ச் போடுங்கள்.
* எடுக்கும்போது முதலில் சுவிட்ச் ஆஃப், பிறகு பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் ஆறவிட்டுக் கடைசியில் ராடு.
* ராடில் போட்டிருக்கும் கோடு வரை தண்ணீர் இருக்க வேண்டும். அதற்குக் குறைவாகவும் கூடாது, அதிகமாகவும் கூடாது.
* ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, மூன்று பின் பிளக் உள்ள ராடு மட்டும் வாங்குங்கள். 16 ஆம்பியர் பாயிண்ட்டில் மாட்டுங்கள்.
* ராடு மேல் வெள்ளை உப்பு படிந்தால் (பிளக்கைப் பிடுங்கிய பிறகு) சுத்தம் செய்யுங்கள். விரிசல் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

செய்யக் கூடாதவை:
* தண்ணீர் சுட்டுவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பது. ராடு இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.
* இரும்பு வாளி, சில்வர் அண்டாவில் ராடு போடுவது.
* எர்த் பின்னை வெட்டுவது. பிளக் இல்லாமல் வயரை நேராக ஓட்டையில் விட்டுத் தீக்குச்சி செருகுவது.
* ராடு போட்டுவிட்டுக் கடைக்குப் போவது. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் பாத்ரூம் கதவைத் திறந்து வைப்பது.

9. ஷாக் அடித்தால்

வண்டியோ, பீரோவோ, குழாயோ, தொட்டதும் சுருக்கென்றால் "லேசாத்தான் அடிச்சுது" என்று விட்டுவிடாதீர்கள். இன்று லேசாக அடித்ததற்குக் காரணம் உங்கள் செருப்பு காய்ந்திருந்தது என்பது மட்டும்தான். நாளைக்கு மழை பெய்யலாம்.

கேரவனில் கரண்ட் என்று தெரிந்தால் வெளியே இருப்பவர் தொடக் கூடாது. உள்ளே இருப்பவர் இறங்கக் கூடாது. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில் என்ற அந்த ஒரு நொடிதான் ஆபத்து. முதலில் கேபிள் கிளம்பும் இடத்தில் சுவிட்சையோ, ஜெனரேட்டரையோ நிறுத்தச் சொல்ல வேண்டும்.

யாராவது பிடித்தபடி மாட்டிக்கொண்டால் அவரைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டை அல்லது பிளாஸ்டிக் நாற்காலியால் தள்ளி விடுங்கள். பெரியவர்களைக் கூப்பிட்டு 108-க்குப் போன் செய்யுங்கள். தெருவில் கம்பி அறுந்து கிடந்தாலோ, தேங்கிய மழைத்தண்ணீரில் மின்பெட்டி மூழ்கினாலோ பக்கத்தில் போகாமல் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லச் சொல்லுங்கள்.

10. சரியா தவறா? (விடை கீழே, பார்க்காமல் சொல்லுங்கள்)

அ) ரப்பர் டயர் இருப்பதால் கேரவனைத் தொட்டால் ஷாக் அடிக்காது.
ஆ) எம்.சி.பி. இருந்தால் ஆர்.சி.சி.பி. தேவையில்லை.
இ) எர்த் பின் மற்ற பின்களைவிட நீளம்.
ஈ) 3 லிட்டர் கீசர் குறைவான கரண்ட்தான் எடுக்கும்.

விடை: அ - தவறு, ஆ - தவறு, இ - சரி, ஈ - தவறு.

இந்த மாதம் எல்லோருக்கும் ஒரு வேலை. வீட்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் பாருங்கள். "டி" என்ற எழுத்து போட்ட சின்ன பட்டன் உள்ள ஒரு சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால் அதுதான் ஆர்.சி.சி.பி. அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். டப் என்று விழுந்தால் நல்லது, மறுபடி தூக்கிவிடலாம். விழவில்லை என்றால் அது பொம்மைதான், மாற்ற வேண்டும். அப்படி ஒரு சாதனமே இல்லை என்றால் வீட்டுக்காரரிடம் பேசச் சொல்லுங்கள்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். "இருக்கு", "இல்லை", "இருக்கு ஆனா விழல" என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். பெயர் எழுத வேண்டாம், உங்கள் வீட்டுக்கு ஒரு கோடு மட்டும் போடுங்கள். மாதக் கடைசியில் எண்ணி அடுத்த பத்திரிகையில் எழுதுகிறேன்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி